வாடகைதாரர் வெளியேறும் வழி: ஒரு சட்ட வரலாறு

1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபை விட்டு வந்தவர்கள் கைவிட்டு வந்தவற்றுள் குத்தகைகளும் உண்டு. அவற்றில் இரண்டு உச்ச நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தன. இரண்டிலும் நிலம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. இரண்டிலும் பணம் கட்டியவர் அந்த நிலத்தில் இனிக் கால் வைக்க இயலாது. கட்டிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதே இரண்டிலும் கோரிக்கை. 1968-இல் தீர்க்கப்பட்ட துருவ தேவ் சந்த் வழக்கில் பணம் கிடைக்கவில்லை. 1971-இல் தீர்க்கப்பட்ட சுசீலா தேவி வழக்கில் கிடைத்தது.

இரு வழக்குகளிலும் துயரம் ஒன்றே. விளைவு மட்டும் வேறு. காரணம் என்னவெனில், முதல் வழக்கில் குத்தகைதாரர் நிலத்தின் அனுபவத்தைப் பெற்றுவிட்டார். இரண்டாவதில் ஏலம் முடிந்து பணம் கட்டப்பட்டிருந்தும் நிலம் ஒப்படைக்கப்படவில்லை. ஒப்படைக்கப்படாதவரை அது வெறும் ஒப்பந்தம். ஒப்பந்தம் நிறைவேற்ற இயலாததாகிவிட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு அதனைச் செல்லாததாக்கிவிடும். ஆனால் நிலம் கைமாறிய அந்தக் கணத்திலேயே அது ஒப்பந்தம் என்னும் நிலையைக் கடந்து சொத்துரிமை மாற்றமாகிவிடுகிறது. நடந்து முடிந்துவிட்ட ஒன்றை நிறைவேற்ற இயலாது என்று எவ்வாறு கூற முடியும்? 56ஆம் பிரிவு குத்தகைக்குப் பொருந்தாது என்பதே 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம்.

இன்று பெங்களூருவிலோ புனேவிலோ குர்கானிலோ அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஐந்தாம் மாதத்தில் வேறு ஊருக்குச் செல்ல நேரும் ஒருவரின் நிலையையும் இந்தத் தீர்ப்புதான் ஆள்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் குத்தகை அத்தியாயம், அதன் 117ஆம் பிரிவின்படி, வேளாண் குத்தகைகளுக்குப் பொருந்தாது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் எழுதப்பட்ட அத்தியாயம் அது. அதன் அடிப்படைக் கேள்விக்கு, அதாவது குத்தகைதாரர் இடையில் விலகலாமா என்னும் கேள்விக்கு, விடை வந்ததோ ஒரு வயல் வழக்கிலிருந்து.

சொல் பற்றி ஒரு விளக்கம் இங்கே தேவை. தமிழர் வீட்டுப் பேச்சில் ‘லீஸ்’ என்றால் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து மாத வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கியம். சட்டத்தின் குத்தகை அதனினும் விரிவானது. மாதந்தோறும் வாடகை கொடுத்துக் குடியிருப்பதும் சட்டத்தின் பார்வையில் குத்தகையே. குறித்த காலத்துக்கோ காலவரையின்றியோ, ஒரு விலைக்கு ஈடாக, ஓர் அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை மாற்றித் தருவது என்று 105ஆம் பிரிவு அதனை வரையறுக்கிறது. வாடகைதாரர் தம்மை விருந்தினர் போலவோ வாடிக்கையாளர் போலவோ எண்ணிக்கொள்ளலாம். சட்டமோ அவரை ஒரு சிறு உரிமையாளராகக் கருதுகிறது. பதினொரு மாத வீட்டுரிமையை விலைக்கு வாங்கியவர், நான்கு மாதம் கழித்து மீதியை வேண்டாம் என்று திருப்பித் தர விற்றவரின் சம்மதம் வேண்டும். 111ஆம் பிரிவு குத்தகை முடியும் வழிகளை அடுக்குகிறது. அதில் ஒப்படைப்பு என்னும் வழியும் உண்டு. ஆனால் அது இருவரின் இசைவால் மட்டுமே நிகழும்.

இந்தக் கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அதன் வேர் 1647ஆம் ஆண்டின் ஒரு வழக்கில் இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது இளவரசர் ரூப்பர்ட்டின் படை ஒருவரது குத்தகை நிலத்தைக் கைப்பற்றி அவரை விரட்டிவிட்டது. நில உரிமையாளர் வாடகை பாக்கிக்கு வழக்குத் தொடர்ந்தார். படை வந்து விரட்டினாலும் ஒப்புக்கொண்ட வாடகையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பாரடைன் எதிர் ஜேன் என்னும் அந்த வழக்கு, ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தின் கடுமைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது.

1882ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அந்தக் கடுமையை அப்படியே ஏற்கவில்லை. அதன் 108ஆம் பிரிவின் ‘உ’ வரிசையில் வரும் கூறு, தீ, புயல், வெள்ளம், ஒரு படையின் வன்முறை, ஒரு கும்பலின் வன்முறை, தடுக்கவியலாத பிற சக்தி ஆகியவற்றால் சொத்தின் முக்கியமான பகுதி முற்றிலும் அழிந்தாலோ, எந்த நோக்கத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டதோ அதற்குக் கணிசமாகவும் நிரந்தரமாகவும் பயன்படாமற் போனாலோ, குத்தகைதாரர் விரும்பினால் குத்தகை செல்லாது என்கிறது. படையின் வன்முறை என்ற சொல் அங்கே இடம்பெற்றதைக் காணும்போது, 235 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குத்தகைதாரருக்கு இந்தியாவில் காலம் கடந்து நீதி கிடைத்தது போலத் தோன்றும். எனினும் அந்தக் கதவு மிகக் குறுகியது. கணிசமாகவும், நிரந்தரமாகவும் என்னும் இரு சொற்களும் சேர்ந்தே காவல் நிற்கின்றன. வேலை மாற்றம், நோய், குடும்பத்தில் ஒரு மரணம், திருமணம், அயலார் தொல்லை, தண்ணீர்த் தட்டுப்பாடு என மனிதர் வீடு மாறும் உண்மையான காரணங்களுள் ஒன்றுகூட அந்தக் கதவின் வழியே நுழையாது. துருவ தேவ் சந்த் வழக்கில் நிலம் அழியவில்லை, அப்படியே இருந்தது. அதை அனுபவிக்கத்தான் அவரால் இயலவில்லை. அனுபவிக்க இயலாமை போதாது என்றது நீதிமன்றம்.

அப்படியாயின் 1882 முதல் இன்றுவரை கோடிக்கணக்கான மக்கள் எவ்வாறு வீடு மாறினார்கள்? விடை 106ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தமோ வட்டார வழக்கமோ வேறாக இல்லாதவிடத்து, வேளாண்மைக்கும் உற்பத்தித் தொழிலுக்கும் விடப்பட்ட குத்தகை ஆண்டுக் குத்தகை. ஆறு மாத முன்னறிவிப்பால் முடியும். மற்ற எல்லாம் மாதக் குத்தகை; 15 நாள் முன்னறிவிப்பால் முடியும். இந்த அறிவிப்பை இரு தரப்பும் தரலாம். வீட்டுக்காரருக்கு இருந்த அதே 15 நாள் வாடகைதாரருக்கும் இருந்தது. காலவரையறை பேசாமல் மாத வாடகைக்குக் குடியேறியவர், பதினைந்து நாள் முன்னே சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துச் செல்லலாம்.

1942-இல் இந்த ஏற்பாட்டின் பயன் பெருநகரங்களில் தெரிந்தது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்த செய்தி வந்ததும் கல்கத்தாவிலிருந்து மக்கள் பெருவாரியாக வெளியேறினர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினம் தாக்கப்பட்டபின் சென்னையும் பாதி காலியாயிற்று. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. குண்டு விழும் என்ற அச்சம் 108ஆம் பிரிவின் பேரிடர் ஆகாது. வீடுகள் அழியாமல்தான் நின்றன. மாதக் குத்தகையில் இருந்தவர்க்குச் சட்டம் 15 நாள் வாடகையோடு விடை கொடுத்தது. ஆண்டுக் கணக்கில் பதிவுப் பத்திரம் எழுதிப் பங்களா எடுத்தவர்க்கு அந்த வசதி இல்லை. வசதி குறைந்தவரின் தளர்ந்த உரிமையே அவருக்கு வழிவிட்டது. வசதி மிக்கவரின் உறுதியான உரிமை அவரைக் கட்டிவைத்தது. இந்த முரண் பின்னரும் வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப வரும்.

அந்தப் பதினைந்து நாளும் முழு எளிமையாக இருந்துவிடவில்லை. அறிவிப்புக் காலம் குத்தகை மாதத்தின் இறுதி நாளோடு சரியாக முடியவேண்டும் என்று பிரிவு கூறியது. குத்தகை மாதம் ஆங்கில மாதமா, வங்க மாதமா, குடியேறிய தேதியிலிருந்து எண்ணும் மாதமா என்பதில் ஒரு நாள் பிசகினாலும் அறிவிப்பு பழுது என்று எதிர்த்தரப்பு வாதிடும். 1918-இல் கல்கத்தாவிலிருந்து சென்ற ஹரிஹர் பானர்ஜி வழக்கில் பிரிவி கவுன்சில், இத்தகைய அறிவிப்புகளைக் குற்றம் கண்டுபிடிக்கும் மனத்துடன் படிக்கலாகாது. பெறுபவருக்குப் பொருள் புரிந்தால் போதும் என்றது. அதற்குப் பிறகும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்கணக்கு வழக்குகளைத் தின்றது. 2002-இல் சட்ட ஆணையத்தின் 181ஆம் அறிக்கை இந்தச் சிக்கலுக்கென்றே எழுதப்பட்டது. அந்த ஆண்டின் இறுதி நாளிலிருந்து செயலுக்கு வந்த திருத்தம், அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்து 15 நாள் என்று கணக்கை எளிமையாக்கியது. அது வீட்டுக்காரரின் வெளியேற்ற வழக்குகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட திருத்தம். வாடகைதாரரும் அதனால் பயன்பெற்றது தற்செயல்.

1882ஆம் ஆண்டுச் சட்டம் நீண்டகாலக் குத்தகையில் சிக்கியவருக்கும் ஒரு வழி வைத்திருந்தது. இன்றைய விவாதங்களில் மறக்கப்பட்டுவிட்ட வழி அது. 108ஆம் பிரிவின் இன்னொரு கூறு, ஒப்பந்தம் தடுக்காதவரை, குத்தகைதாரர் தம் உரிமையை முழுவதுமாகவோ பகுதியாகவோ பிறருக்கு மாற்றலாம். உள்வாடகைக்கு விடலாம் என்கிறது. வாடகைப் பொறுப்பிலிருந்து அவர் முற்றும் விடுபடமாட்டார். ஆயினும் தம் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டுப் போகலாம். வாங்கிய உரிமையைத் திருப்பித் தர முடியாது என்னும் கோட்பாட்டின் மறுபக்கம் இது: வாங்கியது உரிமையானால் அதனை விற்கவும் முடியவேண்டுமல்லவா? ஒரு கதவை மூடிய தருக்கம் அடுத்த கதவைத் தானே திறந்து வைத்தது.

அந்தக் கதவை மூடியவை வாடகைதாரரைக் காப்பதற்கென்று வந்த சட்டங்களே. முதல் உலகப் போரின் வாடகை உயர்வைத் தடுக்க 1918-இல் பம்பாயிலும் 1920-இல் கல்கத்தாவிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பிறந்தன. இரண்டாம் போருக்குப் பின் அவை நாடெங்கும் பரவி நிலைத்தன. 1947ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்தின் 15ஆம் பிரிவு உள்வாடகையையும் உரிமை மாற்றத்தையும் தடைசெய்தது. கட்டுப்படுத்தப்பட்ட மலிவான வாடகையில் இருப்பவர் அதைச் சந்தை விலைக்கு உள்வாடகை விட்டுத் தாமே சிறு வீட்டுக்காரராகிவிடலாகாது என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான். ஆயினும் விளைவு, வெளியேற விரும்புபவர் தமக்குப் பதிலாள் நிறுத்தும் சட்ட வழியை இழந்தார் என்பது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னும் சுவையானது. குடியிருப்பை விட்டு விலகுவதற்கு நிபந்தனையாக வாடகைதாரர் எந்தத் தொகையையும் கேட்பதோ பெறுவதோ சட்டவிரோதம் என்றது. வெளியேறுதல் விலைபோகும் பொருளாகிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. தடைக்குப் பின்னரும் அது விலைபோகவே செய்தது. பம்பாயில் ‘பக்டி’ என்றும் கல்கத்தாவில் ‘சலாமி’ என்றும் வழங்கிய இரகசியத் தொகையில் வீட்டுக்காரர் ஒரு பங்கும், விலகும் வாடகைதாரர் பெரும்பங்கும் பெற்றனர். உள்வாடகைத் தடையும் அவ்வாறே நடைமுறையில் தோற்றது. 1959 மே மாதத்துக்குள் நடந்திருந்த சட்டவிரோத உள்வாடகைகளைப் பம்பாய் அரசு அவசரச் சட்டம் ஒன்றால் செல்லுபடியாக்க வேண்டியதாயிற்று. இறுதியில் 1999ஆம் ஆண்டு மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தன் 56ஆம் பிரிவில், வாடகைதாரர் விலகுவதற்கும் உரிமையை மாற்றுவதற்கும் பணம் பெறுவதை அனுமதித்தே விட்டது. 1947-இன் குற்றம் 2000ஆம் ஆண்டில் உரிமையாயிற்று.

இந்த நடுக்காலம் முழுவதும், ஏறத்தாழ அரை நூற்றாண்டு, ‘வாடகைதாரர் எவ்வாறு வெளியேறுவது’ என்ற கேள்வியே எழவில்லை. உறைந்த வாடகையைப் பெற்றவர் ஏன் வெளியேறுவார்? சட்ட நூல்கள் யாவும் அவரை எவ்வாறு வெளியேற்றுவது என்பதையே பேசின. 1979-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தனபால் செட்டியார் வழக்கில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றம் கோரும் வீட்டுக்காரர் 106ஆம் பிரிவின் முன்னறிவிப்பைத் தரவேண்டியதில்லை என்று தீர்த்தது. அது வீட்டுக்காரரைப் பற்றிய தீர்ப்பு. வாடகைதாரர் தரவேண்டிய அறிவிப்பைப் பற்றி அங்கே கேள்வி எழவில்லை. இரு தரப்புக்கும் பொதுவாக இருந்த 15 நாள் இவ்வாறு நடைமுறையில் ஒருதலைக் கடமையாயிற்று என்பதை அக்காலத்து உரையாசிரியர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்காரர்கள் கட்டுப்பாட்டுச் சட்டங்களிலிருந்து தப்ப இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882ஆம் ஆண்டின் 4ஆவது சட்டம். அடுத்த எண்ணுள்ள 5ஆவது சட்டம் இந்திய வசதியுரிமைச் சட்டம். அதன் 52ஆம் பிரிவு உரிமம் என்பதை வரையறுக்கிறது: சொத்தில் எந்தப் பங்கையும் மாற்றாமல், ஒன்றைச் செய்ய வெறும் அனுமதி தருவது. குடியிருப்பவர் குத்தகைதாரர் அல்லர், அனுமதி பெற்றவர் மட்டுமே என்று எழுதிவிட்டால் கட்டுப்பாட்டுச் சட்டம் அவரைக் காக்காது. எழுதியது எதுவாயினும் உண்மை எது என்று நீதிமன்றம் பார்க்கும் என்பதை 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கு காட்டியது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் தொழிலுக்கு விடப்பட்ட அறைகளை, உரிமம் என்று பத்திரம் கூறியபோதும், குத்தகை என்றே உச்ச நீதிமன்றம் கொண்டது. பம்பாயில் 1973ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருபடி மேலே சென்று, அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று குடியிருந்த உரிமதாரர்களைப் பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர்களாகவே ஆக்கியது. ஆயினும் அந்தத் தேதிக்குப் பின் குடியேறியவர்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பத்திர வடிவமோ வாழ்கிறது.

இரண்டாவது வழி பதினொரு மாதப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுசெய்யப்பட வேண்டும் என்று 107ஆம் பிரிவும், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் கூறுகின்றன. பதிவென்றால் முத்திரைத் தீர்வை, அலைச்சல், அரசின் கண்ணில் படும் வாடகை வருமானம். பதினொரு மாதம் என்று எழுதி முத்திரைத் தாளில் கையெழுத்திட்டால் இவை எதுவும் இல்லை. இன்று இந்தியப் பெருநகரங்களில் வீட்டு வாடகை என்றாலே பதினொரு மாதம் என்னும் அளவுக்கு இது வேரூன்றிவிட்டது. மகாராட்டிரம் மட்டும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவால் கால அளவைக் கருதாமல் எல்லாப் பத்திரங்களையும் பதிவுக்குரியவையாக்கியது. அங்கே பதிவுசெய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு இல்லையெனில், மாறாக நிறுவப்படும்வரை, வாடகைதாரர் சொல்லும் நிபந்தனைகளே நிலைக்கும்.

வீட்டுக்காரர் தம் பாதுகாப்புக்காக வகுத்த இந்தப் பத்திரப் பழக்கத்தில் வாடகைதாரருக்கு எதிர்பாராத விடுதலை ஒன்று ஒளிந்திருந்தது. பதிவுக்குரிய குத்தகை பதிவாகாவிட்டால் என்ன நேரும்? 2000ஆம் ஆண்டில் அந்தோனி எதிர் இட்டூப் வழக்கில் அந்தக் கேள்வி வந்தது. ஐந்தாண்டு என்று எழுதிய, பதிவுசெய்யப்படாத பத்திரம். ஐந்தாண்டுக் குத்தகை அதனால் உருவாகாது. ஆனால் குடியேறியதும் வாடகை பெற்றதும் உண்மையாதலால் மாதக் குத்தகை ஒன்று உருவாகியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1952-லேயே ராம்குமார் தாஸ் வழக்கில் இந்தப் பாதை தொடங்கிவிட்டது. மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று எழுதிப் பதியாமல் விட்டவர்கள் 15 நாளில் கலைந்துவிடும் உறவையே எழுதியிருக்கிறார்கள். பத்திரம் எழுதும் தரகர்கள் பெரும்பாலும் அறியாத செய்தி இது. 1942-இன் முரண் இங்கே மீண்டும் வருகிறது: ஏட்டின் பழுதே வாடகைதாரரின் வாசல்.

பதினொரு மாதப் பத்திரத்துக்கோ பதிவே தேவையில்லை. அந்தப் பழுது அதில் இல்லை. எனவே அதில் எழுதப்படும் நிபந்தனைகள் செல்லும். இந்த இடைவெளியில்தான் ‘லாக்-இன்’ என்னும் சொல் நுழைந்தது. அலுவலக வளாகங்களுக்கும் பேரங்காடிக் கடைகளுக்கும் எழுதப்பட்ட நீண்ட குத்தகைகளில் அதற்குப் பொருள் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்காகத் தளத்தை வடிவமைத்துத் தருகிறார். மூன்றாண்டேனும் அந்நிறுவனம் அங்கே இருந்தால்தான் செலவு மீளும். மகாராட்டிரத்துக்கு வெளியே பதிவும் இல்லாமல், சுவருக்கு வெள்ளையடித்ததைத் தவிர வேறு செலவும் இல்லாமல், இரண்டு படுக்கையறைக் குடியிருப்புக்கு ஆறு மாத லாக்-இன் எழுதுவது அந்த வணிக வடிவத்தின் நகல். காரணம் இல்லாத நகல்.

நீதிமன்றத்தில் அது எத்தனை தூரம் நிற்கும் என்பதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகளைப் பார்க்கவேண்டும். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், அந்தத் தொகையை மேல் வரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது 74ஆம் பிரிவு. தண்டத் தொகையையும் முன்மதிப்பிட்ட இழப்பீட்டையும் பிரித்துப் பார்க்கும் ஆங்கில நுட்பங்களை இந்தியச் சட்டம் வேண்டுமென்றே ஒதுக்கியது. 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே கொடுத்த பணத்தைப் பறிமுதல் செய்யும் நிபந்தனைக்கும் இதே விதி பொருந்தும் என்று விரித்தது. 2015-இல் கைலாஷ் நாத் வழக்கு, இழப்பே நேராதவிடத்து இழப்பீடும் இல்லை என்பதை உறுதிசெய்தது. 73ஆம் பிரிவின் விளக்கவுரையோ, இழப்பைக் கணக்கிடும்போது அதைக் குறைத்துக்கொள்ள இருந்த வழிகளையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்கிறது. வீடு காலியானதும் அடுத்த மாதமே வேறொருவர் குடிவந்துவிட்டால், வீட்டுக்காரரின் இழப்பு ஒரு மாதமே. லாக்-இன் காலத்தின் மீதி வாடகை தானாகவே கடனாகிவிடாது. அது நிறுவப்பட வேண்டிய இழப்பீடு என்ற கருத்தை 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நிறுவன வழக்கில் ஏற்றது. வணிகக் குத்தகைகளில் மாறான போக்குடைய தீர்ப்புகளும் உண்டு. ஆயினும் வீட்டு வாடகையைப் பொறுத்தவரை, காலியான வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு ஆறு மாத வாடகையையும் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்தியச் சட்டத்தில் பெரிய ஆதாரமில்லை.

இவ்வளவும் ஏட்டில். நடைமுறையில் இந்த வாதங்களை எடுத்துரைக்கும் இடமே வாடகைதாரருக்கு வாய்ப்பதில்லை. காரணம், அட்வான்ஸ். பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நெடுங்கால வழக்கம். இழப்பை நிறுவவேண்டியவர் வீட்டுக்காரர் என்று சட்டம் சொல்லும்போது, வழக்குத் தொடரவேண்டியவரும் அவரே என்று அது கருதிக்கொள்கிறது. பணம் அவர் கையில் இருக்கையில் அவர் ஏன் வழக்குத் தொடரவேண்டும்? கழித்ததுபோக மீதியைக் கொடுத்தால் போதும், கொடுக்காமலும் இருக்கலாம். நிறுவும் சுமை வீட்டுக்காரருடையது, வழக்காடும் சுமை வாடகைதாரருடையது. ஊரை விட்டே போகிறவர், அந்த ஊர் நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் வழக்காடி இரண்டு மாத வாடகையை மீட்பார் என்று எதிர்பார்க்க இயலாது. ஆய்வு உதவித்தொகை முடிந்து வேறு பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவரும், பணிமாறுதல் பெற்ற செவிலியரும், வேலை இழந்த இளம் பொறியாளரும் 74ஆம் பிரிவின் பயனை இழப்பது இந்த இடத்தில்தான். அவர்களைக் கட்டுவது லாக்-இன் வரி அன்று; அட்வான்ஸ் தொகை.

2020 இதனை வெளிச்சமாக்கியது. பொதுமுடக்கத்தில் அலுவலகங்கள் மூடி, வீட்டிலிருந்தே வேலை என்றானதும் பெருநகர வாடகைதாரர் பலர் சொந்த ஊர் திரும்பினர். தடுக்கவியலாத சக்தி என்னும் சொற்றொடர் திடீரெனப் பொதுப் பேச்சுக்கு வந்தது. மே 21 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில் இதனை ஆராய்ந்தது. கடைக்காரர் இடத்தை விட விரும்பவில்லை. முடக்கக் காலத்து வாடகையை நிறுத்திவைக்க வேண்டினார். நீதிமன்றம் 1968-க்கே திரும்பிச் சென்றது: 56ஆம் பிரிவு பொருந்தாது, 108ஆம் பிரிவோ, சொத்து நிரந்தரமாகப் பயனற்றுப் போனால் குத்தகையைக் கைவிடும் விருப்பத்தை மட்டுமே தருகிறது, தற்காலிக முடக்கம் அதில் அடங்காது. வாடகைத் தள்ளுபடி மறுக்கப்பட்டது. கட்டும் காலத்தில் மட்டும் சிறிது தளர்வு கிடைத்தது. எந்த ஒப்பந்தமாயினும் அதன் வாசகத்தையே முதலில் பார்க்கவேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது. உரிமம் வெறும் ஒப்பந்தமே ஆதலால், லீவ் அண்ட் லைசன்ஸ் பத்திரம் எழுதியவர் 56ஆம் பிரிவை நாட இடமுண்டு என்பது இந்தத் தருக்கத்தின் விளைவு. எந்த உரிமையும் இல்லாதவர் என்று காட்டுவதற்காக எழுதப்பட்ட பத்திரம், உரிமையாளரைக் கட்டும் கோட்பாட்டிலிருந்து அவரை விடுவிக்கிறது.

இங்கிலாந்து இதற்கிடையில் நகர்ந்துவிட்டது. 1981-இல் பிரபுக்கள் அவை, ஹல் நகரக் கிடங்கு வழக்கொன்றில், குத்தகையும் அரிதாக நிறைவேற்ற இயலாததாகி முடிவுறலாம் என்று கோட்பாட்டளவில் ஏற்றது. அந்தக் குத்தகைதாரர் தோற்றது வேறு செய்தி. கோட்பாட்டைத் தந்த நாடு அதைத் தளர்த்திய பின்னும், பெற்ற நாடு 1968-இல் நிற்கிறது.

2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது சட்டமாகும். குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மிகக்கூடாது என்பதும், வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே உரிய கழிவுபோக அதனைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதன் விதிகள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன்பே மூன்று மாதம் என்று வரம்பு வைத்தது. காலம் கடந்தும் வெளியேறாதவருக்கு முதல் இரு மாதம் இருமடங்கு வாடகை, பின்னர் நான்கு மடங்கு என்று மாதிரிச் சட்டம் விகிதம் வகுத்திருக்கிறது. பழைய அக்கறை மாறவில்லை. ஆனாலும் இடையில் வெளியேறுபவருக்கு இந்தச் சட்டத்தின் மெய்யான பயன் முன்பண வரம்பில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டுமானால் வீட்டுக்காரர்தான் முறையீட்டுக்குச் சென்று இழப்பை நிறுவவேண்டும். 74ஆம் பிரிவு அப்போதுதான் உயிர்பெறும்.

அதே சட்டம் வாடகை ஒப்பந்தம் எதுவாயினும் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. இரண்டு மாதத்துக்குள் வாடகை அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டும் என்கிறது. அரசின் பதிவேட்டில் ஏறிவிட்ட காலவரையறையை நீதிமன்றம் படிக்கலாகாது என்று அந்தோனி வழக்கைக் காட்டி வாதிடுவது கடினம். ஏட்டின் பழுதில் எழுபது ஆண்டுகள் திறந்திருந்த அந்த வாசல், முன்பணத்தின் பிடி தளரும் அதே சட்டத்தில் சாத்தப்படுகிறது.